நோய் யாருக்கு வரவில்லை?



2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. வீட்டை விட்டு வெளியே வராதீர்கள், கூட்டம் கூடாதீர்கள், முகக்கவசம் அணியுங்கள், தள்ளி நில்லுங்கள் என்று வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நாள் முழுதும் சொல்லிக் கொண்டிருந்தார்கள். "எங்கிருந்து வந்தன இத்தனை சட்டங்களும்?" என்று தோட்டப்புறத்துப் பெரியவர்கள் பலர் எங்களைப் போன்ற ஆசிரியர்களிடம் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அரசாங்கம் ஒரே இரவில் எண்ணி எழுதியவை அல்ல அவை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் பழைய நோய் ஒன்றின் கதை இருக்கிறது. அக்கதைகளுள் சில நம் லயத்து வாசலிலேயே நடந்தவை. அவற்றிலிருந்தே இன்று தொடங்குவோம்.

1901ஆம் ஆண்டு ஜனவரியில் மால்கம் வாட்சன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் கிள்ளானில் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்புதான், 1897இல், ரொனால்டு ராஸ் செக்கந்தராபாத்தில் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டிருந்தார். அதுவரை சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றுதான் இக்காய்ச்சலுக்குக் காரணம் என்று மெத்தப் படித்தவர்களே நம்பி வந்தனர். நம் முன்னோர் இதைக் குளிர்காய்ச்சல் என்றார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து உடம்பை உலுக்கும். நாளாக ஆக இடப்பக்க விலாவின் கீழ் மண்ணீரல் வீங்கிக் காய்ச்சற்கட்டி விழும். மருந்தென்றால் வாய் கசக்கும் கொயினா ஒன்றுதான்.

கிள்ளான் பட்டணத்தைச் சுற்றிலும் அப்போது சதுப்பும் காடும். ஆற்று முகத்துவாரத்தில் புதிதாகக் கட்டிய போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகம், அதே ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்டது. திறந்த சில வாரங்களிலேயே அங்கிருந்த ஊழியர்களில் பெரும்பாலோர் காய்ச்சலில் விழுந்தனர். இவ்வளவு செலவு செய்து கட்டிய துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சுக்கூட எழுந்தது. சதுப்பை வற்றச் செய்யுங்கள், காட்டை வெட்டுங்கள், வடிகால் எடுங்கள் என்றார் வாட்சன். அரசாங்கம் இசைந்தது.

பலன் என்ன? அந்த இரண்டு ஊர்களிலும் 1901இல் இறந்தவர்கள் 582 பேர். அவர்களுள் காய்ச்சலால் மாண்டவர்கள் 368 பேர். அடுத்த ஆண்டில் மொத்தச் சாவு 144, காய்ச்சலால் 59. 1905இல் மொத்தம் 113, காய்ச்சலால் 45.

இங்கே ஒரு சந்தேகம் எழ வேண்டும். சாவு குறைந்தது வடிகாலால்தான் என்று எப்படிச் சொல்வது? மழை குறைந்திருக்கலாம். நோய் தானாகவே ஓய்ந்திருக்கலாம். வாட்சனுக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது. ஆகவே அவர் அதே மாவட்டத்தில் வடிகால் வெட்டாத வெளிப்புறங்களின் கணக்கையும் எடுத்து, ஊர்க் கணக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அங்கே சாவு குறையவில்லை. போகப் போக ஏறியிருந்தது. ஒரே மழை, ஒரே வெயில், ஒரே மாவட்டம். ஓரிடத்தில் நோய் விழுந்தது, மற்றோரிடத்தில் எழுந்தது. நோய் வந்தவரை மட்டும் பார்த்துக் கொண்டிருந்தால் இது தெரிந்திருக்காது.

பின்னர் ரப்பர் காலம் வந்தது. காட்டை அழித்துத் தோட்டம் போட்டார்கள். கப்பல் கப்பலாக நம்மவர்கள் வந்து இறங்கினார்கள். 1911ஆம் ஆண்டில் கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளருக்கு அறுபது பேருக்கு மேல் இறந்தனர் என்றால், அன்றைய லயங்களின் நிலையை நாம் ஊகித்துக் கொள்ளலாம். வாட்சன் அரசாங்க வேலையை விட்டுத் தோட்டங்களுக்கு மருத்துவரானார். லயம் லயமாகப் போனார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். எத்தனை பிள்ளைகளுக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது, அந்த லயத்துக்கும் காட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று எழுதி வைத்தார். பெரியவர்கள் ஊர் விட்டு ஊர் வேலைக்குப் போவார்கள்; அவர்களுக்குக் காய்ச்சல் எங்கே பிடித்தது என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் லயத்திலேயே கிடப்பவர்கள். ஆகவே பிள்ளையின் வயிறே அந்த லயத்தின் கணக்கேடு ஆயிற்று. கடற்கரையோரச் சமவெளித் தோட்டங்களில் காட்டுக்கு அருகே இருந்த லயங்களில் வீக்கம் மிகுதி. தள்ளிப் போகப் போகக் குறைவு. காட்டிலிருந்தும் சதுப்பிலிருந்தும் அரை மைல் தள்ளி லயம் கட்டுங்கள் என்று அவர் சொன்னது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. மலைப்பாங்கான தோட்டங்களிலும் இதே வைத்தியத்தைச் செய்தார்கள். காட்டை வெட்டி ஓடைகளைத் திறந்து விட்டார்கள். காய்ச்சல் குறைவதற்குப் பதில் கூடிற்று! காரணம் பிறகு தெரிந்தது. சமவெளியில் நோயைப் பரப்பிய கொசு, நிழல் படிந்த காட்டுக் குட்டையில் முட்டையிடுவது. மலையில் பரப்பிய கொசுவோ வெயில் படும் தெளிந்த ஓடை நீரில் முட்டையிடுவது. நம் வசதிக்கு நிழல் கொசு என்றும் வெயில் கொசு என்றும் சொல்லிக் கொள்வோம். காட்டை வெட்டினால் முன்னதற்கு வீடு போகும். பின்னதற்கு வீடு கிடைக்கும். பிறகு மலைத் தோட்டங்களில் ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய் வைத்து விட்டார்கள். நீர் மேல் வாரந்தோறும் எண்ணெய் தெளித்தார்கள். ஒரே ஆணையை எல்லா ஊருக்கும் போட்டால் ஒரு பாதி மக்களை அதுவே கொல்லலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை என்பது எங்கள் கருத்து.

வாட்சனைத் தெய்வமாக்கவும் வேண்டியதில்லை. தோட்ட முதலாளிகள் குழாய்க்கும் எண்ணெய்க்கும் பணம் கொடுத்தது நம் பாட்டன் பாட்டி மேல் கொண்ட பரிவினால் அன்று. ஊரிலிருந்து ஆள் கொண்டுவரச் செலவாகும். படுத்த ஆள் பால் வெட்ட மாட்டான். சாவு மிகுந்த தோட்டம் என்று பெயர் பரவினால் கங்காணி கூப்பிட்டாலும் ஆள் வராது. இந்தக் கணக்குகளைத்தான் அவர்கள் பார்த்தார்கள். அந்தப் பதிவேடுகளில் நம்மவர்கள் எண்ணாக இருக்கிறார்கள், பெயராக இல்லை. என்றாலும் அந்த எண்கள் எழுதப்படாமல் போயிருந்தால் நம்மில் பலர் இன்று இருந்திருக்க மாட்டோம்.

அடுத்த கதை நம் சமையற்கட்டில் நடந்தது. அதே காலத்தில் மலாயாவில் பெரிபெரி என்றொரு நோய் ஆயிரக்கணக்கானோரை வாட்டியது. கால் வீங்கும், மரத்துப் போகும், கடைசியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்களே இதனால் மிகுதியும் மாண்டனர். தொற்று நோயென்றும், கட்டடத்தில் ஒட்டிக் கொண்டிருக்கும் நஞ்சென்றும் மருத்துவர்கள் பலவாறு கூறினர். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர் வேறு விதமாகக் கேட்டார்: இந்த நோய் தமிழர்களுக்கு ஏன் வருவதில்லை? அவர்களும் இதே நாட்டில்தான் இருக்கிறார்கள். இவர்களைவிட நல்ல வீட்டிலும் இல்லை. விடை பானையில் இருந்தது. சீனர்கள் தீட்டிய பச்சரிசி உண்டார்கள். நம்மவர்கள் புழுங்கல் அரிசி உண்டார்கள்.

கோலாலம்பூரில் இருந்த மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர் இதைச் சோதித்துப் பார்த்தனர். ஜெலுபு வட்டாரத்து டூரியான் திப்புஸ் என்னும் இடத்தில் சாலை போடும் வேலைக்கு வந்திருந்த 300 ஜாவானியத் தொழிலாளரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் ஒரு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தனர். பச்சரிசிப் பிரிவில் நோய் கண்டது. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் அரிசியோடு மாறிற்று. இடமும் கட்டடமும் காரணமல்ல என்பது உறுதியாயிற்று. நெல்லை அவிக்கும்போது உமியோரத்துச் சத்து அரிசிக்குள் இறங்குகிறது. இன்று அதை வைட்டமின் பி1 என்கிறோம். மனிதர்களை இப்படிப் பிரித்து வைத்துச் சோதிக்க இன்றைய மருத்துவ நெறி இடம் கொடாது. அந்த ஜாவானியருக்கு வந்த நோயைக் கொண்டுதான் உலகம் இதைக் கற்றது என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

பினாங்கில் பிறந்த ஒருவரையும் இங்கே நினைத்துக் கொள்வோம். 1879இல் பிறந்து, பினாங்கு ஃபிரீ பள்ளியிலும் பிறகு கேம்பிரிட்ஜிலும் படித்த டாக்டர் வூ லியன் டே, 1910 டிசம்பரில் சீனாவின் வடக்கே ஹார்பினுக்கு அனுப்பப்பட்டார். அங்கே நுரையீரல் பிளேக் பரவிக் கொண்டிருந்தது. மூச்சுக் காற்றாலேயே இது தொற்றுகிறது என்று கண்டு, துணியும் பஞ்சும் வைத்துத் தைத்த முகக்கவசத்தை எல்லாரும் அணியச் செய்தார். நம்பாமல் கவசமின்றி நோயாளியைப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர் ஒருவர் சில நாட்களில் மாண்டார். 60,000 பேர் வரை இறந்த அந்த நோய், 1911 மார்ச் தொடக்கத்தில் ஹார்பினில் அடங்கிற்று. நோய் வேட்டைக்காரர்களிடமிருந்து தொடங்கியதையும் வூ ஆராய்ந்தார். மர்மோத் என்னும் புல்வெளி விலங்கின் தோலுக்கு விலை ஏறவே, வெளியூர்க்காரர் கூட்டமாக வந்து வேட்டையாடினர். பரம்பரை மங்கோலிய வேட்டைக்காரரோ சோர்ந்து தள்ளாடும் விலங்கைத் தொடமாட்டார்கள். எழுத்தறியாத அவர்களுடைய பழக்கத்தில் ஒரு மருத்துவப் பாடமே அடங்கியிருந்தது. வூ பின்னாளில் மலாயாவுக்குத் திரும்பி ஈப்போவில் மருத்துவம் பார்த்தார். 1960இல் பினாங்கில் காலமானார்.

இனி 1918. உலகம் முழுவதையும் சுற்றிய அந்த இன்புளூயன்சாக் காய்ச்சல் அக்டோபர் மாதத்தில் மலாயாவைக் கடுமையாகத் தாக்கிற்று. இங்கே முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டிருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர் கணக்கு. தோட்டத் தொழிலாளரே அதில் பெரிதும் அடிபட்டவர்கள். கிழவரையும் குழந்தையையும் மட்டுமன்றி, பால் வெட்டும் வயதினரையும் அது தேடித் தேடிப் பிடித்தது.

இந்த நோய்க்கு அன்று மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. அப்படியானால் சில ஊர்களில் சாவு ஏன் குறைவாக இருந்தது? ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவில் ஹோவர்டு மார்க்கெல் என்னும் மருத்துவ வரலாற்று ஆசிரியரும் அவருடைய குழுவினரும் இந்தக் கேள்வியை எடுத்துக் கொண்டனர். 43 நகரங்களின் பழைய செய்தித்தாள்களையும் நகராட்சிப் பதிவுகளையும் புரட்டினார்கள். பள்ளிக்கூடம் எந்த நாளில் மூடப்பட்டது, கூட்டம் எந்த நாளில் தடுக்கப்பட்டது, எந்த நாளில் மீண்டும் திறந்தார்கள் என்று நகரம் நகரமாக எழுதிச் சாவுக் கணக்கோடு ஒப்பிட்டார்கள். முடிவு 2007இல் வெளிவந்தது. முன்கூட்டியே தொடங்கி, ஒன்றுக்கு மேற்பட்ட தடைகளைச் சேர்த்துப் போட்டு, நீண்ட நாள் விடாமல் காத்த நகரங்களில் சாவு குறைவு. பிலடெல்பியா நகரில் 1918 செப்டம்பர் 28ஆம் நாள் போர் நிதிக்காகப் பெரிய ஊர்வலம் நடத்தினார்கள். அந்த நகரம் பிணக்காடாயிற்று. செயின்ட் லூயிஸ் நகரம் அக்டோபர் தொடக்கத்திலேயே பள்ளிகளையும் நாடகக் கொட்டகைகளையும் மூடிற்று. அங்கே சாவு வெகுவாகக் குறைந்தது. 2020இல் நாடுகள் பலவும் பள்ளிகளை மூடியதற்கு இத்தகைய ஆய்வுகளும் ஆதாரமாயின. பழைய செய்தித்தாள் புரட்டுவது வேலையற்றவர் வேலை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டில் இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்தது நேயர்கள் பலருக்கு நினைவிருக்கும். 1998 இறுதியில் பேராக்கிலும் பிறகு நெகிரி செம்பிலானிலும் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் பரவிற்று. கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் எண்ணினர். புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. ஆனால் சில செய்திகள் உறுத்திக் கொண்டே இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வழக்கமாகப் பிள்ளைகளைத் தாக்குவது. இது பண்ணையில் வேலை செய்யும் ஆண்களைத் தாக்கிற்று. தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். அக்கம்பக்கத்துக் கம்பங்களில் இருந்த, பன்றியைத் தொடாத மலாய் மக்களுக்கு வரவில்லை. கொசு இனம் பார்த்தா கடிக்கும்?

1999 மார்ச் மாதத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சுவா கோ பிங் புதிய கிருமி ஒன்றைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா என்னும் ஊரின் பெயரால் அது நிப்பா வைரஸ் எனப்பட்டது. பன்றியிடமிருந்து மனிதருக்கு வந்தது; பன்றிக்குப் பழந்தின்னி வௌவாலிடமிருந்து வந்தது. பண்ணையை ஒட்டிப் பழ மரங்கள் நின்றதே வழியாயிற்று. 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் இறந்தனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்த பிறகே நோய் நின்றது. "யாருக்கு வரவில்லை?" என்ற கேள்விக்கு இன்னும் சில வாரங்கள் முந்திக் காது கொடுத்திருந்தால் சில உயிர்கள் பிழைத்திருக்கும் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

பழைய நோயைப் படித்தவர்களும் ஏமாறுவதுண்டு. சிங்கப்பூரில் 2003இல் சார்ஸ் நோய் 238 பேரைப் பிடித்து 33 பேரைக் கொன்றது. அது மருத்துவமனைகளில் மிகுதியாகப் பரவிற்று. ஆகவே மருத்துவமனைகளைப் பலப்படுத்தினார்கள். காய்ச்சல் பார்ப்பதும், நோயாளியைத் தொட்டவரைத் தேடுவதும் நன்றாகப் பழக்கத்துக்கு வந்தன. 2020இல் கோவிட் வந்தபோது முதலில் அந்தப் பாடம் கைகொடுத்தது. ஆனால் சார்ஸ் காலத்தில் தொழிலாளர் விடுதிகளில் நோய் பெருகவில்லை. ஆதலால் அந்தப் பக்கம் போதிய கண் போகவில்லை. ஓர் அறையில் பன்னிரண்டு, பதினாறு பேர் அடுக்குக் கட்டிலில் படுத்திருந்தார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் வங்காளதேசத்தவருமே அவர்களில் நிறையப் பேர். தொண்டு அமைப்புகள் எச்சரித்தும் இருந்தன. ஆண்டு இறுதிக் கணக்கில், விடுதிகளில் வாழ்ந்த ஏறத்தாழ 3,23,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருந்தது. "தள்ளி நில்" என்ற ஆணைக்கு அந்த அறையில் என்ன பொருள்? 2021 செப்டம்பரில்தான், புதிதாகக் கட்டும் விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்று விதித்தார்கள்.

நம் பக்கத்திலும் அப்படித்தான். பள்ளியை மூடு என்று 1918இன் நகரங்கள் சொல்லிக் கொடுத்தன; மூடிய பள்ளியின் பிள்ளை வீட்டில் எதைக் கொண்டு படிக்கும் என்று அவை சொல்லவில்லை. அதை இங்கேதான் கேட்டறிய வேண்டியிருந்தது. 2020இல் கல்வி அமைச்சு பெற்றோரிடம் எடுத்த கணக்கில், மாணவரில் 36.9 விழுக்காட்டினரிடம் கைப்பேசியோ கணினியோ எந்தக் கருவியும் இல்லை என்று தெரிந்தது. அதே ஆண்டில் ஐ.நா. அமைப்புகள் கோலாலம்பூரில் 16 மலிவு விலை அடுக்குமாடிகளில் வாழும் 500 குடும்பங்களைத் தொடர்ந்து விசாரித்தன. உணவு, வேலை, பள்ளி, மன வேதனை எல்லாம் கேட்டார்கள். இத்தகைய கேள்விக் கணக்குகளைத்தான் சமூக ஆய்வு என்கிறோம். உதவித்தொகை யாருக்குப் போக வேண்டும் என்று சொல்லக் கூடியது ஊசியும் மருந்தும் அல்ல, இந்தக் கணக்கே. 2021 நடுவில், சோற்றுக்கு வழியில்லாத வீடுகள் வாசலில் வெள்ளைத் துணியைக் கட்டச் சொல்லி மக்களே ஓர் இயக்கம் நடத்தினார்கள். அதிகாரிகள் எடுக்கத் தவறிய கணக்கை அந்தத் துணிகள் எடுத்தன.

கணக்கெடுப்பவர் வந்தால் நம்மில் சிலர் அஞ்சுவதுண்டு. அறையில் எட்டுப் பேர் படுத்தாலும் ஐந்து என்று சொல்லிவிடுவோம். வேலை போய்விடுமோ, வீடு போய்விடுமோ என்ற பயம். அந்தப் பயத்துக்குக் காரணமும் உண்டு. நம்மைப் பற்றிய கணக்குகள் எப்போதும் நமக்காகவே எடுக்கப்பட்டவை அல்ல. ஆனால் ஐந்து என்று எழுதிய அறைக்கு ஐந்து பேருக்கான காற்றும் தண்ணீரும்தான் ஒதுக்குவார்கள்.

நம் நாட்டில் தொழிலாளர் வீட்டு வசதிக்கு 1966இல் ஒரு சட்டம் வந்தது. 1990இல் அது புதிய சட்டமாயிற்று. 20 ஹெக்டருக்கு மேற்பட்ட தோட்டங்களையும் சுரங்கங்களையும் குறித்தே அச்சட்டம் எழுதப்பட்டது. லயத்தில் கண்ட நோய்களிலிருந்து வளர்ந்த சட்டம் என்று அதைச் சொல்லலாம். 2019இல் அதைத் திருத்தி, தொழிற்சாலை, கட்டுமானம் என எல்லாத் துறைத் தொழிலாளருக்கும் விரித்தார்கள். கோவிட் நடுவே, 2020 ஜூன் 1ஆம் நாள் அது நடப்புக்கு வந்தது. ஓர் ஆளுக்கு எவ்வளவு தளப்பரப்பு, தனிக் கட்டில், மெத்தை, பூட்டி வைக்கும் பெட்டி என்று அதன் விதிகள் அளந்து சொல்கின்றன. நம்மவர்கள் பலர் விட்டுப் போன லயங்களில் இன்று செம்பனை வேலைக்கு வந்த இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் படுத்திருக்கிறார்கள். அந்த அளவு அவர்களுக்கும் உரியது.